பாறைக் கரைக் காவலும் சிறு மீன்களின் நலமும்

கடற்கரையின் ஒரு பகுதியைக் காப்பிடமென அறிவித்துச் சில ஆண்டுகள் கழிந்ததும், அங்கு மீன்கள் பெருகியிருக்கின்றனவா என்று கேட்பதே வழக்கமாக இருக்கிறது. அறிக்கைகளும் அவ்வாறே எழுதப்படுகின்றன: இத்தனை இனங்கள் காணப்பட்டன, இத்தனை மீன்கள் எண்ணப்பட்டன, முன்னைவிட இவ்வளவு மிகுதி. எண்ணிக்கை வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆயினும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை மட்டும் எழுதிவைத்து, அவர்கள் உண்டார்களா, நோயுற்றார்களா என்பதை எழுதாது விட்ட பதிவேட்டைப் போன்றவை இவ்வறிக்கைகள். பாறைக் கரையைப் பொறுத்தவரை, அங்கு வாழும் சிறு மீன்களின் உடல்நலத்தை அளந்து பார்க்காமல் காவலின் பயனைத் தீர்மானித்துவிட இயலாது என்பதே என் கருத்து.

கடல் ஏறும்போது மூழ்கியும் வற்றும்போது வெளிப்பட்டும் கிடக்கும் நிலப்பகுதியை இங்கு இடைக்கரை என்று அழைப்போம். நம் நாட்டின் பெருநிலக் கரையில் பாறையாலான பகுதி 11 சதவீதமே என்று கடற்படையைச் சேர்ந்த நீர்ப்பரப்பு அளவைத் துறையின் கணக்கு தெரிவிக்கிறது. எஞ்சியவை மணலும் சேறுமாகும். இந்தச் சிறு பங்கும் ஒரே தன்மையதன்று. சௌராஷ்டிரத்தில் ஓகா முதல் வேராவல் வரை சுண்ணாம்புப் பாறைத் தட்டுகள். கொங்கணத்தில் கரிய எரிமலைப் பாறையும் செம்பாறையும். விசாகப்பட்டினத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலை கடலைத் தொடும் இடத்தில் உருமாறிய பழம்பாறை. கடலின் ஏற்ற இறக்கமும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. சென்னையில் அது ஏறத்தாழ ஒரு மீட்டரளவே. கட்ச் வளைகுடாவின் உட்பகுதியிலோ 6 மீட்டரையும் கடந்து செல்கிறது. நீர் வற்றிய வேளையில் அங்கே பல நூறு மீட்டர் தூரம் கடலின் தரையில் நடந்து செல்லலாம்.

அவ்வாறு நடந்து செல்பவர் பாறைக்குழிகளில் தேங்கி நிற்கும் நீரைச் சற்றுப் பொறுமையுடன் நோக்குவாராயின், முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு, கல்லென்று எண்ணிய ஒன்று அசையும். அது உளுவை மீனாக இருக்கலாம். அல்லது பிளென்னி எனப்படும் செதிலற்ற வழுக்கு மீனாக இருக்கலாம். இடுக்கில் அஞ்சாளையின் தலை தெரியும். கீச்சான், மடவை போன்றவற்றின் குஞ்சுகளும் சில காலம் இங்கே தங்கி வளர்ந்து பின்னர்க் கடலுக்குச் செல்வதுண்டு. ஆனால் உளுவையும் பிளென்னியும் விருந்தாளிகளல்ல. இக்குழிகளே அவற்றின் ஊர். நண்பகல் வெயிலில் குழிநீர் சூடேறும், உப்பு மிகும். மழை பெய்தால் உப்பு குன்றும். பகலில் பாசி வெளியிடும் பிராணவாயு நீரில் நிறைந்து நிற்கும். இரவில் அதே பாசியும் மற்ற உயிர்களும் அதை உட்கொள்வதால் மிகவும் குறைந்துவிடும். ஆறு மணி நேரத்தில் இத்தனை மாறுதல்களையும் தாங்கும் மீன் கடலில் வேறெங்கும் இல்லை எனலாம். இவற்றுள் பல, நீரைவிட்டு வெளிவந்து காற்றையே சுவாசிக்கவும் வல்லவை.

இம்மீன்களுக்குத் தம் இடத்தின்மேலுள்ள பற்றைப் பற்றி அமெரிக்க ஆராய்ச்சியாளர் லெஸ்டர் ஆரன்சன் 1951-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கத்தக்கது. பஹாமாத் தீவுகளில் ஓர் உளுவை இனம், நீர் வற்றிய நேரத்தில் துரத்தப்பட்டால், தான் இருக்கும் குழியிலிருந்து பக்கத்துக் குழிக்குக் குறி தவறாமல் தாவியது. இடையிலுள்ள பாறையின் மறுபக்கத்தை அது அந்நேரத்தில் பார்க்க இயலாது. கடல் ஏறியிருந்தபோது நீந்தித் திரிந்து அப்பாறையின் மேடுபள்ளங்களை அது மனத்தில் இருத்திக்கொள்கிறது என்று ஆரன்சன் முடிவு கூறினார். அப்படிக் கற்றதைப் பல வாரங்கள் மறவாதிருப்பதையும் பிற்காலச் சோதனைகளில் அவர் காட்டினார். ஒரு சில மீட்டர் பரப்புள்ள பாறையை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த உயிருக்கு, அப்பாறையே உலகம். காவல் திட்டம் வகுப்போர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது. சூரையையும் வஞ்சிரத்தையும் காக்கச் சிறு காப்பிடம் போதாது; அவை நெடுந்தூரம் செல்பவை. உளுவைக்கோ ஐம்பது அறுபது மீட்டர் பாறையும் ஒரு நாடுதான். ஆயினும் முட்டையிலிருந்து வெளிவரும் நுண்குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து சென்று வேறு பாறையில் குடியேறுவதால், ஒரே இடத்தில் பெரிய காப்பிடம் ஒன்றை அமைப்பதைவிட, கரை நெடுகிலும் இடைவிட்டு இடைவிட்டுச் சிறு காப்பிடங்கள் பல அமைப்பதே பொருத்தமாகும்.

காவலில்லாத பாறையில் நேரும் கேடுகள் பெரும்பாலும் தீய எண்ணத்தால் விளைபவையல்ல. உளுவையும் பிளென்னியும் கல்லின் அடிப்புறத்திலோ, பொந்திலோ, வெறும் சிப்பியின் உட்புறத்திலோ முட்டைகளை ஒட்டி வைக்கின்றன. ஆண் மீன் அங்கேயே காவல் இருந்து, துடுப்பினால் விசிறி நீரோட்டம் உண்டாக்குகிறது. நண்டு தேடி வருபவர் ஒரு கல்லைப் புரட்டுகிறார். தேடியது கிடைத்ததும் கல்லை அப்படியே போட்டுவிட்டுச் செல்கிறார். அடியிலிருந்த முட்டைகள் வெயிலில் காய்ந்து போகின்றன, கடற்பஞ்சுகள் வெளுக்கின்றன, மேற்புறத்திலிருந்த பாசி இருளில் அழுகுகிறது. ஒரே கல்லில் இரண்டு உலகங்கள் அழிவதற்கு ஒரு நிமிடம் போதும். புரட்டிய கல்லை மீண்டும் பழையபடி வைத்துச் செல்வது மட்டும் வழக்கமாகிவிட்டால், சட்டம் செய்யாத நன்மையை அது செய்துவிடும் என்று நான் நம்புகிறேன். சுற்றுலாப் பயணிகளின் செருப்படியில் பாசி தேய்ந்து போவதும், நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதும் வேறு வகைக் கேடுகள். பின்னதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது.

இத்தகைய கேடுகளை நிறுத்திவிட்டால் மீன்கள் நலமடையும் என்பது எளிதில் தோன்றும் முடிவு. அது முழுவதும் சரியன்று என்பதைச் சிலி நாட்டின் அனுபவம் காட்டுகிறது. பாறைக் கரையிலிருந்து மனிதரை விலக்கிவைத்தால் என்ன நேரும் என்பதை மிக நீண்ட காலம் கவனித்து வந்த நாடுகளுள் அது ஒன்று. நடுச் சிலியின் லாஸ் குரூசஸ் என்னும் ஊரில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆராய்ச்சி நிலையம் 1982-இல் தன் முன்னுள்ள கரையை வேலியிட்டு மூடியது. அந்நாட்டில் 'லோகோ' எனப்படும் ஊன் தின்னும் பெரிய நத்தை விலை மதிப்புள்ள உணவு. மக்கள் அதை விடாது பொறுக்கி வந்தனர். பொறுக்குவது நின்றதும் நத்தைகள் பெருகின. அவை பாறையை மூடியிருந்த கல்லுமக்காய் இனத்துச் சிறு சிப்பிகளைத் தின்று தீர்த்தன. சிப்பிப் படுகை இருந்த இடத்தைக் கொட்டலசுகள் பிடித்துக்கொண்டன. ஹுவான் கார்லோஸ் காஸ்தில்யா முதலியோர் 1980-களில் வெளியிட்ட கட்டுரைகள் இம்மாறுதலை விளக்குகின்றன. சிப்பிப் படுகையின் இடுக்குகளில் இரையும் மறைவும் தேடும் சிற்றுயிர்களுக்கு இது லாபமா நட்டமா? இயற்கையைக் காப்பது என்றால் உள்ளது உள்ளபடி நிற்கும் என்று பொருளன்று. கணக்கு முழுவதும் மாறியமைகிறது.

அக்கரையில் ஒட்டுமீன் ஒன்று உண்டு. வயிற்றுப்புறத்திலுள்ள உறிஞ்சியால் அலை மோதும் பாறையைப் பற்றிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் ஈரப் பாறையில் ஒட்டியபடியே இருக்கும். சிப்பி, கொட்டலசு, பாசி என எதையும் உண்ணும். மக்களும் அதை விரும்பி உண்பர். பாறையில் வாழும் மெல்லுடலிகளின் உடலில் இளமைப் பருவத்தைக் கழிக்கும் ஒருவகைத் தட்டைப்புழு, அவற்றை உண்ணும் இந்த ஒட்டுமீனின் குடலை அடைந்துதான் முதிர்ச்சி பெறுகிறது. காவலுள்ள கரையிலும் காவலற்ற கரையிலும் இப்புழுவின் நிலையை ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் வெளிவந்தது. நடுச் சிலியில் மக்கள் பிடித்து உண்ணும் நான்கு வகை உயிர்களைப் பற்றிய இன்னோர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மாறுதல் எல்லா உயிர்களிலும் ஒரே திசையில் நேரவில்லை. ஆனால் காவலுள்ள இடங்கள் ஒட்டுண்ணிகள் பெருகுவதற்கு உதவுகின்றன என்பதே பொதுவில் கிடைத்த செய்தி.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பல உயிர்களின் உடல்களில் மாறி மாறி வாழ்ந்தே நிறைவுபெறும் வாழ்க்கை உடையது தட்டைப்புழு. அச்சங்கிலியில் ஒரு கண்ணி அற்றுப்போனாலும் புழு இல்லை. நத்தை, சிப்பி, மீன், பறவை யாவும் ஓரிடத்தில் நிறைந்திருக்கும்போது புழுவும் இருக்கும். மேலும், காவலுள்ள இடத்தில் மீன்கள் நீண்ட காலம் உயிர்வாழ்கின்றன. வயது ஏறஏறப் புழுவும் சேர்கிறது. ஆகவே, காப்பிடத்து மீனின் வயிற்றைக் கீறிப் புழுவைக் கண்டவுடன் காவல் தோற்றுவிட்டது என்று எழுதுபவரும், புழுவற்ற மீனைக் கண்டு கரை தூய்மையாக உள்ளது என்று எழுதுபவரும் ஒருங்கே பிழை செய்கின்றனர். ஊரில் கிழவர்கள் மிகுந்திருப்பதும் கிழவர்களுக்குரிய நோய்கள் மிகுந்திருப்பதும் ஒரே காரணத்தால் விளையக்கூடும் அல்லவா?

அப்படியானால் நலத்தை எதைக் கொண்டு அளப்பது? மிகப் பழையதும் மிகச் செலவு குறைந்ததுமான அளவை, மீனின் எடையை அதன் நீளத்தோடு ஒப்பிடுவதாகும். கிராம் கணக்கில் எடையை 100-ஆல் பெருக்கி, சென்டிமீட்டர் கணக்கில் நீளத்தின் கனத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். இதனை உடற்கட்டு எண் எனலாம். 8 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் 6 கிராம் எடையிருந்தால் அவ்வெண் 1.17; அதே நீளத்தில் 4.8 கிராமே இருந்தால் 0.94. இரண்டாவது மீன் மெலிந்தது என்பதை அறிய ஒரு தராசும் ஓர் அளவுகோலும் போதும். வெவ்வேறு இனங்களை இவ்வெண்ணால் ஒப்பிடலாகாது. அஞ்சாளை எப்போதும் மெலிந்ததாகவே தோன்றும். சினை கொண்ட பெண் மீனின் எடை அதன் கொழுமையைக் காட்டாது. ஒரே இனம், ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே பருவம் என்று வைத்து ஒப்பிட்டால் நம்பத்தக்க விடை கிடைக்கும். பிடித்த மீனைக் கொல்ல வேண்டியதில்லை. கிராம்பு எண்ணெய் சிறிதளவு கலந்த நீரில் மீன் மயங்கும். அளந்து முடித்துத் தூய நீரில் விட்டால் தெளிந்து எழும். பிடித்த குழியிலேயே அதை விட்டுவிடலாம்.

எண்ணிக்கையும் உடற்கட்டும் எப்போதும் சேர்ந்தே உயரும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பிடிப்பாரின்றி மீன்கள் பெருகி, இரை அதே அளவில் நின்றுவிட்டால், தலைக்கு வரும் பங்கு குறையும். கொன்று தின்னும் பெரிய மீன்களும் பேய்க்கணவாய்களும் காவலில் பெருகினால், சிறு மீன் அச்சத்தால் பொந்தைவிட்டு வெளிவராமல் அரைவயிற்றோடு இருக்கும். மாறாக, பெரும்பாலான மீன்கள் பிடிக்கப்பட்டுவிட்ட பாறையில் எஞ்சிய சில மீன்கள் கொழுத்திருக்கவும் கூடும். இந்த இரண்டு பாறைகளையும் எண்ணிக்கையால் மட்டும் தீர்ப்பவருக்கு ஒரு விடை. எடையால் மட்டும் தீர்ப்பவருக்கு நேர் எதிரான விடை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பவருக்கே அங்கு நடப்பது என்னவென்று விளங்கும். நான் எண்ணிக்கையைக் குறைகூறுவது அதை ஒதுக்குவதற்காக அல்ல. அது தனித்து நின்று சாட்சி சொல்வதைத் தடுப்பதற்காகவே.

இனி நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். சட்டத்தைப் படித்தால், 1991-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஏற்றக்கோட்டுக்கும் வற்றக்கோட்டுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதையும் முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் அறிவிக்கையிலும் அது முதல் வகுப்பிலேயே உள்ளது. கட்ச் வளைகுடாவில் 1980-இல் சரணாலயமும், 1982-இல் 162.89 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல் தேசியப் பூங்காவும் அமைந்தன; இந்தியாவில் அதுவே முதலாவது. மகாராஷ்டிரத்தின் மால்வணில் 1987-இல் 29.12 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு சரணாலயமாயிற்று. சிந்துதுர்க்கக் கோட்டையைச் சூழ்ந்த பாறைகள் அதன் நடுப்பகுதியில் அடங்கும். தாளில் குறைவொன்றுமில்லை.

ஆனால் வரைபடத்தில் போட்ட கோட்டை எண்ணெய் மதிப்பதில்லை. கட்ச் பூங்காவை அடுத்து எண்ணெய்த் துறைகளும் உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளுள் ஒன்றும் இயங்குகின்றன. பூங்காவின் ஊடாக எண்ணெய்க் குழாய் செல்லலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2004-இல் குழாய்க்கு இசைவாக முடிந்தது. பாறைக் கரையில் எண்ணெய் படிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்காவில் 1989 மார்ச்சில் 'எக்ஸான் வால்டெஸ்' கப்பல் உடைந்த நிகழ்ச்சி பாடமாக இருக்கிறது. கரையைத் தூய்மை செய்வதற்காக வெந்நீரைப் பீறிட்டு அடித்தபோது, எண்ணெயில் தப்பிய பாசியும் சிப்பியும் வெந்நீரில் மாண்டன. பத்தாண்டுகள் கழிந்த பின்னும், எண்ணெய் படிந்த கரையோரத்துச் சிறு மீன்களின் உடலில், நச்சுப்பொருளை எதிர்க்கும்போது மிகும் ஒரு நொதி மிகுந்தே காணப்பட்டது. அம்மீன்கள் உயிரோடு இருந்தன, நீந்தின, எண்ணியவரின் கணக்கில் குறையின்றிச் சேர்ந்திருக்கும். அவை சுமந்த சுமையைக் காட்டியது உடலின் அளவையே. தூர தேசம் செல்லாமல் பிறந்த பாறையிலேயே வாழ்ந்து மடியும் மீன், அப்பாறைக்கு நேர்ந்ததை வேறெதையும்விடத் தெளிவாகச் சொல்லும். சந்தையில் விலைபோகாத மீனுக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கும் அதிகாரிகளுக்கு என் விடை இதுதான்: விலைபோகும் மீன்கள் இடம் பெயர்பவை; அவற்றை விசாரித்து எந்தக் கரையின் குற்றத்தையும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொங்கணக் கரையில் நீர் வற்றும் வேளையில் கூடையும் கொக்கியுமாகப் பாறைக்கு வந்து சிப்பி உடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மன்னார் வளைகுடாவில் 1986-இல் தேசியப் பூங்கா அமைந்த பின்னர், தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கும் தடை வந்தது. மால்வண் மீனவர்கள் சரணாலயத்தை நெடுங்காலமாக எதிர்த்து வந்ததற்கு அவர்களுடைய அறியாமை காரணமன்று. எண்ணெய்க் குழாய்க்கு வழிவிடும் சட்டம், கூடைக்கு வழிவிடாது என்றால் அதை அவர்கள் எப்படி மதிப்பார்கள்? பாறையில் வாழும் மீனுக்கு மிகப் பரந்த காப்பிடம் தேவையில்லை என்று முன்னர்க் கண்டோம். அவ்வாறிருக்க, நீண்ட கரை முழுவதையும் பெயரளவில் மூடி எங்கும் காவலின்றி விடுவதைக் காட்டிலும், ஊராரைக் கேட்டு, அவர்கள் விட்டுக்கொடுக்க இசையும் சிறு பாறைகளை மட்டும் உண்மையாகவே மூடுவது நேர்மையானது. மூடிய பாறையில் மீன் அளக்கும் வேலைக்கு அப்பெண்களையே கூலி கொடுத்து அமர்த்தலாம். எந்தக் கல்லின் அடியில் என்ன இருக்கும் என்பது பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மாணவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னர்ச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. நாம் இடைவிடாமல் தவறவிடுவதும் அதுவே. பாறையை மூடுவதற்கு முன் அளக்க வேண்டும். காப்பிடமாகத் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் இயல்பிலேயே அழகும் செழிப்பும் உடையவையாக இருப்பது வழக்கம். கெட்டுப்போன கரையை எவரும் தேசியப் பூங்காவாக்குவதில்லை. பத்தாண்டு கழித்து அங்குள்ள மீன் கொழுத்திருந்தால், அது காவலால் கொழுத்ததா, முன்னரே கொழுத்திருந்ததா என்பதை அறிய வழியில்லாது போகிறது. மூடப்போகும் பாறை ஒன்று, மூடாமல் விடப்போகும் அதையொத்த பாறை ஒன்று. இரண்டிலும் மூடுவதற்கு முன் இரண்டு ஆண்டுகளேனும் ஒரே உளுவை இனத்தையும் ஒரே பிளென்னி இனத்தையும் நிறுத்தும் அளந்தும் எழுதிவைக்க வேண்டும். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்து கடல் தெளிந்த பின் ஒரு முறை என ஆண்டுக்கு இரு முறை போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகவும் வற்றும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் முப்பது நாற்பது மீன்களை அளந்துவிடலாம். அடுத்த காப்பிடத்துக்கான முன்மொழிவு எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும், இந்த ஏட்டை இணைக்காத முன்மொழிவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.